எக்ஸாஸ்ட் ஃபேன்: கழுவுவதா, காயில் கட்டுவதா, புதியது வாங்குவதா, சுவரைப் பார்ப்பதா?

சாரல் விழத் தொடங்கியதும் கேரள எல்லையை ஒட்டிய செங்கோட்டை, புளியரை, பண்பொழிப் பக்கத்து வீடுகளில் ஜன்னல்களைச் சாத்திவிடுவார்கள். அதன் பிறகு சமையலறைப் புகைக்கு மிஞ்சுவது சுவரின் உச்சியில் இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றுதான். வருடம் முழுவதும் யாரும் அண்ணாந்து பார்க்காத அந்த ஃபேன் சரியாக அப்போதுதான் சண்டித்தனம் செய்யும்.

"அண்ணாச்சி, சுவிட்சைப் போட்டால் முனகுகிறது, சுற்ற மாட்டேன் என்கிறது. புதியதே வாங்கிவிடட்டுமா?" என்று ஒருவர் கேட்கிறார். காயில் கட்டி, அதாவது மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றி, வாங்கி வந்த பிறகும் புகை உள்ளேயே நிற்கிறது என்பது இன்னொருவரின் புகார். சிம்னி வைக்கச் சொல்லி மருமகள் கேட்கிறாள், அவ்வளவு செலவு தேவையா என்பது ஒரு மதினியின் கவலை. இவர்களில் பலருக்குப் புதிய ஃபேன் தேவையில்லை. சிலருக்கு எத்தனை புதிய ஃபேன் வாங்கினாலும் புகை போகாது, ஏனென்றால் கோளாறு ஃபேனில் இல்லை. எனவே நான்கு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

எதை வைத்து முடிவு செய்வது?

விலையை மட்டும் பார்த்தால் முடிவு தப்பாகப் போகும். நான் பார்ப்பவை இவை:

- கோளாறு மின்சாரத்திலா, மோட்டாரிலா, பிசுக்கிலா, காற்று போகும் வழியிலா?
- மொத்தச் செலவு எவ்வளவு? பொருளின் விலையோடு ஏணி வைத்து ஏறுபவரின் கூலி, கொத்தனார், கண்ணாடி வெட்டுபவர் எல்லாரையும் சேர்த்துத்தான் கணக்கு.
- சுவரில் இருக்கும் ஓட்டையின் அளவு என்ன?
- அந்தச் சுவர் எந்தத் திசையைப் பார்க்கிறது? மலை இடைவெளி வழியாகக் காற்று நெருக்கி வரும் இந்தக் கணவாய் ஊர்களில் இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.
- அடுத்த முறை கழற்றிக் கழுவ வீட்டில் யாரால் முடியும்?

செலவு செய்யும் முன் ஒரு சோதனை

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, மெயின் போர்டில் உள்ள எம்சிபி சுவிட்சையும் இறக்கிவிடுங்கள். பழைய வீடுகளில் சுவிட்ச் நியூட்ரல் கம்பியில் போடப்பட்டிருப்பதும் உண்டு, அப்போது அணைத்த பிறகும் ஃபேனில் மின்சாரம் இருக்கும். பிறகு இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

லேசாகச் சுற்றுகிறது, ஆனால் மின்சாரம் கொடுத்தால் முனகுகிறது, ஒரு மரக்குச்சியால் தள்ளிவிட்டால் ஓடத் தொடங்குகிறது என்றால் பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிட உதவும் கண்டென்சர் போய்விட்டது. விரலால் தள்ள வேண்டாம். கையால் சுற்றும்போதே இறுகி நின்றால் காரணம் பிசுக்கு அல்லது புஷ், அதாவது சுழலும் தண்டான ஷாஃப்டைத் தாங்கும் வளையம். முனகல்கூட இல்லை என்றால் முதலில் அதே பிளக்கில் வேறு விளக்கைச் செருகிப் பாருங்கள். சமையலறைப் பிளக்குகள் ஈரத்திலும் எண்ணெயிலும் கறுத்துப் போயிருக்கும். விளக்கு எரிந்து ஃபேன் மட்டும் செத்துக் கிடந்தால் காயிலோ அதனுள் இருக்கும் வெப்பப் பாதுகாப்பு ஃபியூஸோ அறுந்திருக்கலாம்.

சிறிது நேரம் ஓடி நின்று, ஆறியதும் மறுபடி ஓடினால் மோட்டார் அளவுக்கு மீறிச் சூடாகிறது. காரணம் இறுகிய புஷ்ஷாகவும் இருக்கலாம், பழுதான காயிலாகவும் இருக்கலாம். புஷ்ஷில் எண்ணெய் விட்டும் அதே கதை என்றால் காயில்தான். கருகல் வாடை வந்தால் யோசிக்க ஒன்றுமில்லை.

நன்றாகச் சுற்றுகிறது, புகைதான் போகவில்லை என்பவர்கள் ஒரு செய்தித்தாள் துண்டைக் கம்பி வலைக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். தாள் வலையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். காற்றில்லாத காலையில் ஒட்டி, மேற்கிலிருந்து வரும் மேல்காற்று வீசும் மதியத்தில் உங்கள் முகத்தை நோக்கிப் பறந்தால் ஃபேனைக் கழற்றாதீர்கள். நேராக நான்காவது வழிக்குப் போய்விடலாம்.

| வழி | எதைத் தீர்க்கும் | கண்ணுக்குத் தெரியாத செலவு | யாருக்குச் சரி |
|---|---|---|---|
| கழுவி, கண்டென்சர், புஷ் மாற்றுவது | முனகல், இறுக்கம், இரைச்சல், வேகக் குறைவு | ஏணி, அரை நாள், உடையும் பழைய பிளாஸ்டிக் | காயில் நன்றாக உள்ள எல்லா ஃபேனுக்கும் |
| காயில் கட்டுவது | கருகிய மோட்டார் | காத்திருப்பு, புஷ் மாற்றும் செலவு | கனமான இரும்பு ஃபேன் |
| புதியது | தேய்ந்த ஷாஃப்ட், உடைந்த சட்டம், போதாத அளவு | ஓட்டையைத் திருத்துவது | சிறிய பிளாஸ்டிக் ஃபேன் பழுதானால் |
| சுவரையும் வழியையும் திருத்துவது | எதிர்க்காற்று, உள்ளே வரக் காற்றில்லாமை | கொத்தனார், வெளிப்பக்கம் ஏறும் வேலை | ஃபேன் ஓடியும் புகை போகாத வீடு |

முதல் வழி: கழுவுவதும் சில்லறை மாற்றங்களும்

மிகக் குறைந்த செலவு, மிகக் குறைந்த மரியாதை பெறும் வழி இதுதான். ஃபேனின் எதிரி தூசி என்று நினைக்கிறோம். சமையலறையில் எதிரி எண்ணெய் ஆவி. அது இறக்கையில் படிந்து, அதன்மேல் தூசி ஒட்டி, ஒரு இறக்கையில் கனமாகவும் மற்றொன்றில் லேசாகவும் பிசுக்குச் சேர்கிறது. சமநிலை கெட்ட இறக்கை ஷாஃப்டை ஆட்டுகிறது, ஷாஃப்ட் புஷ்ஷைத் தின்கிறது. "பேரிங் போய்விட்டது" என்று சொல்லப்படும் இரைச்சல் பல வீடுகளில் இறக்கையைக் கழுவியதும் நின்றுவிடும்.

எந்த எண்ணெயில் சமைக்கிறோம் என்பதும் இதில் சேரும். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை, பிறகு கேரளமாக மாறிய திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. எல்லைக்கோடு மாறியது, தேங்காய் எண்ணெயில் மீன் பொரிப்பது மாறவில்லை. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். சாரல் நாள்களின் விடியற்காலையில் புட்டிக்குள் அது வெண்மையாகத் திரள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஃபேன் மேல் படிந்த எண்ணெயும் அதே போலத்தான் திரளும். காலை ஐந்து மணிக்குச் சுற்ற மறுத்து, அடுப்புச் சூடு ஏறியதும் ஓடுகிற ஃபேன் இந்த வட்டாரத்தில் அபூர்வமில்லை. அதற்குப் புதிய மோட்டார் வேண்டியதில்லை, வெந்நீர் போதும். சூரியகாந்தி எண்ணெய்க்காரர்களுக்கு உறையும் தொல்லை கிடையாது. ஆனால் அந்தப் பிசுக்கு நாளடைவில் வார்னிஷ் போல இறுகி ஒட்டிக்கொள்ளும். சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

இதே காரணத்தால்தான் புஷ்ஷில் தேங்காய் எண்ணெய் விடக் கூடாது என்கிறேன். வீட்டில் கைக்கு எட்டுவது அதுதான் என்பது தெரியும். தையல் இயந்திர எண்ணெய் சின்னப் புட்டி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புஷ்ஷைச் சுற்றி ஒரு கம்பளி வளையம் இருக்கும். அது நனையும் அளவுக்கு இரண்டு மூன்று சொட்டு போதும். அதிகமாக விட்டால் வழிந்து காயிலுக்குப் போகும்.

கழற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். பல பிளாஸ்டிக் ஃபேன்களில் இறக்கையைப் பிடித்திருக்கும் நடுமூடி வழக்கமான திசைக்கு எதிர்த்திசையில் கழலும். அதன்மேல் சின்ன அம்புக்குறி இருக்கும். பிசுக்கைத் துடைத்தால்தான் தெரியும். அதைப் பார்க்காமல் முறுக்கியே பலர் மூடியை உடைக்கிறார்கள். இரும்பு ஃபேனில் இறக்கையின் கழுத்தில் ஒரு திருகு இருக்கும். திரும்ப மாட்டும்போது அந்தத் திருகு ஷாஃப்டின் தட்டையான பக்கத்தில் உட்கார வேண்டும்.

கழுவுவதற்கு வெந்நீரும் பாத்திரம் துலக்கும் சோப்பும் போதும். சீயக்காய்த்தூள் பழைய வைத்தியம், இன்றும் பிசுக்கை நன்றாக இழுக்கிறது. சலவைச் சோடா இரும்புச் சட்டத்துக்குச் சரி, அலுமினிய இறக்கைக்கு ஆகாது, கறுத்து அரித்துவிடும். பிளாஸ்டிக் இறக்கையைக் கொதிக்கிற நீரில் போட்டால் வளைந்துவிடும், வளைந்த இறக்கை ஓயாமல் அதிரும். மோட்டாரைத் தண்ணீரில் முக்க வேண்டாம், அதை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

கண்டென்சர் மாற்றுவது இதைவிடச் சுலபம். பழையதின் மேல் 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் என்பது போல எழுதியிருக்கும். அதைக் கடையில் காட்டி அதே அளவு வாங்குங்கள், நூறு ரூபாய்க்குள் முடியும். பெரிய அளவு போட்டால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், காயில்தான் சூடாகும். கழற்றும் முன் அதன் இரண்டு முனைகளையும் காப்புள்ள திருப்புளியால் ஒன்றாகத் தொட்டுவிடுங்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அது உள்ளே கொஞ்சம் வைத்திருக்கும். சிறிய ஃபேன்கள் சிலவற்றில் கண்டென்சரே கிடையாது. அவை முனகினால் பிசுக்கையும் புஷ்ஷையும் பார்க்க வேண்டியதுதான்.

இந்த வழி எங்கே பயன்படாது? ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் கடகடவென்று ஆடுகிறது, அதற்குப் புஷ்ஷும் தனியாகக் கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பால் பேரிங் உள்ள ஃபேன் என்றால் கவலையில்லை. பேரிங்கின் விளிம்பில் எண் பொறித்திருக்கும், அதைச் சொன்னால் எந்த ஊரிலும் கிடைக்கும்.

இரண்டாவது வழி: காயில் கட்டுவது

இதில் என் கணக்கு எளியது. காயில் கட்டும் கூலியும் புஷ்ஷும் சேர்ந்து புதிய ஃபேன் விலையில் பாதியைத் தாண்டினால் கட்ட வேண்டாம். ஆறு அங்குல, எட்டு அங்குலப் பிளாஸ்டிக் ஃபேன் ஏறக்குறைய எப்போதும் தாண்டிவிடும். பன்னிரண்டு அங்குலம், அதற்கு மேல் உள்ள கனமான இரும்பு ஃபேன், அதிலும் மெஸ், டீக்கடை, கல்யாண மண்டபச் சமையல்கட்டில் ஓடுவது என்றால் கட்டுவதுதான் புத்திசாலித்தனம். அந்தச் சட்டமும் இறக்கையும் இன்னொரு காயிலையும் பார்த்துவிடும்.

கடையில் கேட்க வேண்டியவை இரண்டு. தாமிரக் கம்பியா, அலுமினியமா? வார்னிஷ் போட்டுச் சூட்டில் உலர்த்துவார்களா? ஈரக்காற்று உள்ள ஊரில் வார்னிஷ் சரியில்லாத காயில் மழைக்காலத்தைத் தாண்டாது.

கண்ணுக்குத் தெரியாத செலவு காலம். கார் நெல் சாகுபடி நேரத்தில் காயில் கடைக்காரருக்கு வயல் மோட்டார்தான் முதலில். உங்கள் ஃபேன் மூலையில் கிடக்கும். அவரையும் குறை சொல்ல முடியாது.

வாங்கி வந்ததும் அந்தச் செய்தித்தாள் சோதனையை மறுபடி செய்யுங்கள். காயிலின் முனைகளை மாற்றி இணைத்துவிட்டால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றும். இரைச்சல் உண்டு, வேகம் உண்டு, புகை மட்டும் உள்ளே வரும். கட்டிக்கொண்டு வந்த பிறகும் புகை நிற்கிறது என்பவர்களில் சிலருக்கு இதுதான் காரணம். கம்பியை மாற்றிப் பூட்டினால் தீர்ந்தது, கடைக்காரர் அதற்குக் காசு கேட்கக் கூடாது.

மூன்றாவது வழி: புதிய ஃபேன்

வாங்குவதென்று முடிவானால் முதலில் அளவு. பத்தடி நீளம், எட்டடி அகலம், பத்தடி உயரம் உள்ள சமையலறையில் 800 கன அடி காற்று இருக்கிறது, அதாவது 22.65 கன மீட்டர். சமையலறைக் காற்று மணிக்குப் பதினைந்து முறையாவது மாற வேண்டும் என்று வைத்தால் மணிக்குச் சுமார் 340 கன மீட்டர் தள்ளும் ஃபேன் தேவை. இந்த எண் பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும். அது எதிரே எந்தத் தடையும் இல்லாமல் அளந்தது. வலை, ஷட்டர், பிசுக்கு எல்லாம் சேர்ந்து அதைக் குறைக்கும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே வாங்குங்கள். குளியலறைக்கு இதில் பாதியே தாராளம்.

அடுத்தது ஓட்டை. பெட்டியில் இறக்கை அளவு வேறு, வெட்டு அளவு வேறு. சுவருக்கு வேண்டியது இரண்டாவது. ஒன்பது அங்குல இரும்பு ஃபேன் இருந்த இடத்தில் எட்டு அங்குலப் பிளாஸ்டிக் வைத்து, சுற்றியுள்ள இடைவெளியை அட்டையால் அடைத்திருக்கும் வீடுகள் ஏராளம். ஃபேன் வெளியே தள்ளிய காற்று அந்த இடைவெளி வழியாக அப்படியே திரும்பி வரும், பல்லியும் கூடவே வரும்.

பிளாஸ்டிக்கா, இரும்பா? கழுவ வீட்டில் ஆள் இருந்தால், தாளிப்பு அளவாக இருந்தால் பிளாஸ்டிக். துரு கிடையாது, சத்தம் குறைவு, தானே மூடும் ஷட்டரோடு வரும். தினமும் பொரிப்பு உள்ள சமையலறைக்கு இரும்பு. சூட்டைத் தாங்கும், உதிரி கிடைக்கும்.

பிஎல்டிசி எனப்படும் பிரஷ் இல்லாத மோட்டார் உள்ள ஃபேன் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்பது உண்மை. எவ்வளவு என்று பாருங்கள். 40 வாட் ஃபேன் தினம் மூன்று மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 7.2 யூனிட். 15 வாட் என்றால் 2.7 யூனிட். வித்தியாசம் 4.5 யூனிட், யூனிட் 5 ரூபாய் என்று வைத்தால் இருபத்திரண்டரை ரூபாய். வருடத்துக்கு 135 ரூபாய். இதற்காக ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது வீட்டுச் சமையலறைக்கு ஒத்துவராது. நாள் முழுவதும் ஓடும் மெஸ்ஸில் கணக்கு மாறும். மாலையில் மின்னழுத்தம் தாழும் தெருக்களில் அது வேகம் குறையாமல் ஓடுவது ஒரு தனி லாபம்.

நான்காவது வழி: ஃபேனை விட்டுச் சுவரைத் திருத்துவது

தமிழ்நாட்டில் காற்றாலைகள் கூட்டமாக நிற்கும் இடங்களைப் பாருங்கள்: பாலக்காட்டுக் கணவாய், கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி. மேற்கு மலையில் எங்கெல்லாம் இடைவெளியோ அங்கெல்லாம் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கிக்கொண்டு வருகிறது. செங்கோட்டைக்கு மேற்கே உள்ள ஆரியங்காவுக் கணவாய் வழியாக வந்து அத்தனை பெரிய காற்றாலையைச் சுழற்றும் காற்றுக்கு எதிரே நாம் ஒரு 40 வாட் மோட்டாரை நிறுத்திவைத்து, அது தோற்றதும் தரம் சரியில்லை என்கிறோம்.

மேற்குச் சுவரில் உள்ள ஃபேன் ஆனி, ஆடி மாதங்களில் அணைத்து வைத்தாலே எதிர்ப்பக்கம் சுற்றுவதைக் காணலாம். அந்த நிலையில் சுவிட்சைப் போட்டால் மோட்டார் முதலில் அந்தச் சுழற்சியை நிறுத்தி, பிறகு தன் திசையில் திரும்ப வேண்டும். கண்டென்சர் கொஞ்சம் வலுவிழந்திருந்தாலும் அது முடியாது. முனகும், சூடாகும், காயில் போகும். வருடா வருடம் ஆடியில் காயில் கட்டும் வீடு உங்களுடையது என்றால் காயில்காரரை மாற்றிப் பயனில்லை.

செய்யக்கூடியவை சில. வெளிப்பக்கம் கீழ்நோக்கி வாய் திறந்த தகரக் கூடு மாட்டலாம். அது காற்றின் நேரடி அடியையும் சாரலையும் தடுக்கும். கூட்டின் வாய் ஃபேனின் வட்டத்தைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. பட்டறைகளில் தகரம் மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள். ஷட்டர் இருந்தால் அதன் அச்சுகளைப் பிசுக்கில்லாமல் வைத்திருங்கள். பாதி திறந்து ஒட்டிக்கொண்ட ஷட்டர் ஃபேனின் பலத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். நீளமான பைப்பும் வளைவுகளும் போட்டுக் காற்றைத் திசைதிருப்ப நினைக்காதீர்கள். இந்த வகை ஃபேன்கள் நேராகத் தள்ளத்தான் செய்யப்பட்டவை.

வசதியிருந்தால் ஃபேனையே கிழக்குச் சுவருக்கு மாற்றுவது எல்லாவற்றிலும் சிறந்தது. மேல்காற்று வீட்டைத் தாண்டிப் போகும்போது கிழக்குப் பக்கத்தில் தானே ஓர் இழுப்பு உண்டாகும், ஃபேனுக்கு உதவி. அக்கினி மூலையில் சமையலறை வைத்தவர்களுக்குக் கிழக்குச் சுவர் கையிலேயே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை அந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்பதால் கூடு அங்கும் வேண்டும். ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் இருப்பது ஒரே வெளிச்சுவர்தான். அவர்கள் கூட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொரு காரணத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. வெளியே போகும் அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டும். கதவையும் ஜன்னலையும் இறுக்கிச் சாத்திவிட்டு ஃபேன் போட்டால் அது வெறும் இறக்கையைச் சுற்றிக்கொண்டிருக்கும். ஃபேனுக்கு எதிர்ப்புறத்துக் கதவையோ ஜன்னலையோ நான்கு விரல் அளவு திறந்து வையுங்கள். ஃபேனை ஒட்டிய ஜன்னலைத் திறந்தால் அதன் வழியே வந்த காற்றே நேராக வெளியே போய்விடும், அடுப்புப் பக்கம் எட்டியும் பார்க்காது. புகை கூண்டு வைத்த பின்கட்டு விறகு அடுப்பு எரியும்போது வீட்டை மூடிக்கொண்டு பெரிய ஃபேனை ஓடவிடவும் கூடாது. கூண்டு வழியாகப் போக வேண்டிய புகையையே அது உள்ளே இழுக்கும்.

சிம்னி கேட்கும் மருமகளுக்கு ஒரு வார்த்தை. அடுப்புக்கு மேலேயே புகையைப் பிடிப்பதால் சிம்னி ஃபேனைவிட நன்றாகவே வேலை செய்யும், சுவரெல்லாம் பிசுக்குப் படிவது குறையும். ஆனால் பைப் வெளியே போகும் வகையாக இருக்க வேண்டும், அந்த வாயும் மேற்கே பார்க்கக் கூடாது. வடிகட்டியைக் கழுவப்போவது யார் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். கழுவாத சிம்னி கழுவாத ஃபேனைவிட விலை அதிகம், அவ்வளவுதான் வித்தியாசம்.

எந்த வழியை எடுத்தாலும் கேஸ் கசிந்த வாடை வந்தால் எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சைத் தொடாதீர்கள். சுவிட்சில் எழும் பொறி போதும் பற்றிக்கொள்ள. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். உச்சியில் உள்ள ஃபேன் அதை இழுக்கவும் செய்யாது. சிலிண்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

புதியது வாங்கப் போகிறவர்கள் ஓட்டையின் உயரம், அகலம், சுவரின் கனம் மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். எல்லை ஊர்க்காரர்கள் தென்காசியிலும் வாங்குவார்கள், விலை பார்த்துக் கேரளத்துப் புனலூரிலும் வாங்குவார்கள். எங்கே வாங்கினாலும் உத்தரவாதக் காலத்தில் பழுதானால் உங்கள் ஊருக்கு வருவது யார், எந்த ஊரிலிருந்து என்று காசு கொடுக்கும் முன்பே கேட்டு, பில்லில் தேதியோடு கடை முத்திரையும் வாங்கிவிடுங்கள்.